வெற்றி உரைக்கு அனுமதி

— ...ஆகவே தோழர்களே, இன்று மாலை ஆறு மணிக்கு, எல்பே ஆற்றங்கரையில், இந்த அணு உலை தன் கடைசி மூச்சை விடும் அந்த நொடியில், ஜெர்மனி மட்டுமல்ல, மனித குலமே தன் வரலாற்றில் ஒரு மாபெரும் பக்கத்தைப் புரட்டுகிறது. எப்படி இருக்கு, வோல்க்மார்?

— நல்லாருக்கு, தலைவர். ஆனா பேச முடியாது.

— தொண்டை கட்டிடும்னா? புதினா டீ ரெண்டு கோப்பை குடிச்சாச்சு.

— தொண்டை இல்ல. விதின்னு ஒண்ணு இருக்கு. நம்ம உலை எதிர்ப்புச் சங்கத்தோட விதி பதினாலு.

— வெளிய மூவாயிரம் பேர் நிக்கிறாங்க. நூத்தி எம்பது டிராக்டர் நிக்குது. செயலாளர் விதி படிக்கிற நேரமா இது?

— "உலை மூடப்படும் அக்கணமே சங்கத்தின் நோக்கம் நிறைவேறியதாகக் கருதப்பட்டு, சங்கம் தானாகவே கலையும்."

— எந்த மடையன் எழுதினது?

— நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன். எம்பத்திரெண்டுல, ஹைனியோட பீர்க்கடையில வச்சு. எல்லாரும் மேசையத் தட்டினாங்க.

— அப்ப நாம ஜெயிப்போம்னு யாரு கண்டா?

— அதான் வினை. இன்னிக்குக் கூட்டத்துக்கு மாவட்ட அலுவலகம் அனுமதி குடுத்தது சங்கத்து பேர்ல. ஆறு மணிக்கு உலை நிக்கும், சங்கம் கலையும், அனுமதியும் போயிடும். ஆறு மணி ஒரு நிமிஷத்துக்கு நீங்க மேடையில நின்னா, இல்லாத சங்கத்துக்குத் தலைவர். போலீஸ் அதிகாரி அம்மாகிட்ட கேட்டேன். ஒலிபெருக்கிய நிறுத்திடுவேன்னுட்டாங்க.

— நீயாவே போய்க் கேட்டியா?

— சந்தேகம் வந்தா கேக்கணும்ல.

— வோல்க்மார், நாப்பத்தொரு வருஷம். மூணு தடவ அணுக்கழிவு ரயில மறிச்சப்ப, என்னைத் தண்டவாளத்துலேர்ந்து சங்கிலிய அறுத்துத் தூக்கிட்டுப் போனாங்க. என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நான் லாக்கப்ல இருந்தேன். எல்லாம் இந்தப் பத்து நிமிஷப் பேச்சுக்காக. விதிய மாத்து.

— மாத்தலாம். பொதுக்குழு கூட்டணும். நாலு வாரம் முன்னாடி தபால்ல அறிவிப்பு அனுப்பணும்.

— இப்ப மணி அஞ்சே கால்.

— அப்ப இப்பவே பேசிடுங்களேன்.

— உலை ஓடிட்டிருக்கறப்பவா? பின்னாடி கோபுரத்துல ஆவி குபுகுபுன்னு போகும், நான் முன்னாடி நின்னு அதுக்கு இரங்கல் வாசிக்கணுமா?

— என்ன ஹைட்ரூன் அம்மணி, ஜெயிச்சவங்க மொகம் இப்படியா இருக்கும்?

— வந்துட்டார் யுரேனியம். அன்ஸ்கார், சாலைக்கு அந்தப் பக்கம் உங்க உலை ஆதரவுப் படை எத்தனை பேரு? பதினொண்ணா?

— ரெண்டு நாயையும் சேர்த்து. முப்பது வருஷம் உள்ள வால்வு திருகினவன் நான். என்கூட வேலை பார்த்தவனுங்களே உங்க பக்கம் நின்னு சாசேஜ் தின்னுட்டிருக்கானுங்க. எங்ககிட்ட ஆறின காப்பிதான் இருக்கு. என்ன நடந்துச்சு?

— எங்க அனுமதி ஆறோட முடியுது. சிரிக்காதீங்க.

— சிரிக்கல. எங்களுது எட்டு வரைக்கும் இருக்கு. எங்க சங்கம் ஜெயிச்சாலும் கலையாது, தோத்தாலும் கலையாது. லாரி இருக்கு, மைக் இருக்கு. வந்து பேசுங்க.

— "உலை ஓடட்டும்"னு எழுதின லாரி மேலயா?

— மேல தார்ப்பாய் போட்டுடறேன்.

— பதிலுக்கு உங்களுக்கு என்ன வேணும்?

— ஒண்ணும் வேணாம். இத்தனை வருஷமா எதிரும் புதிருமா நின்னு கத்தியிருக்கோம். கடைசி நாள்ல நீங்க பேசாம வீட்டுக்குப் போனா எனக்கே சப்புன்னு இருக்கும். உங்க ஆளுங்க எல்லாரும் சாலையத் தாண்டி வந்துடணும், அவ்வளவுதான். எங்க அனுமதி அந்தப் பக்கத்துக்கு மட்டுந்தான்.

— வோல்க்மார், விதி?

— தடை இல்ல, தலைவர். அவங்க கூட்டத்துல யாரு வேணா பேசலாம்.

— அப்ப டிராக்டரையெல்லாம் கிளப்பச் சொல்லு. ஒரு ஆளு இந்தப் பக்கம் நிக்கக் கூடாது.

— பேசி முடிச்சாச்சு, பாத்தியா, வோல்க்மார்? மணி ஆறடிச்சுது, ஆவி அடங்கிச்சு, நான் "தோழர்களே"ன்னு ஆரம்பிச்சேன். பத்து நிமிஷம் நாப்பது நிமிஷமாச்சு. அன்ஸ்கார்கூட அழுதார்.

— அவர் உலை போனதுக்கு அழுதார், தலைவர்.

— எதுக்கோ அழுதார்ல. டிராக்டர்காரங்க அத்தனை பேரும் ஹாரன் அடிச்சாங்க. எட்டு மணிச் செய்தியில நாடே பாக்கப் போகுது. அந்தப் போலீஸ் அம்மா நடந்து நடந்து ஆள் எண்ணினாங்களே, எவ்வளவாம்?

— எழுதியே குடுத்துட்டாங்க. செய்திக்காரங்களுக்கும் இதேதான் போயிருக்கு.

— படி. நிதானமா படி.

— உலை ஓடணும்னு கூடினவங்க, மூவாயிரத்து இருநூறு பேர். மூடணும்னு கூடினவங்க, யாரும் இல்ல.