ஒருத்தருக்கு இடம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும்… மூடினால்தான் எனக்குப் பயம்.

சாயங்காலம் ஐந்தரை மணி. ரயில் நின்றுபோய் இருபது வருஷமான தண்டவாளம், அதையொட்டி ஒரு மண்பாதை. ஆள் நடமாட்டமே கிடையாது. என் நண்பனின் சித்தப்பா அளவு நாடாவும் நோட்டுமாக அதில் தனியாக நடந்து போனார்.

அவருக்குப் பல் செட் செய்யும் வேலை. மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒருவருமில்லை. பல் செட்டைத் தேய்க்கும் அதே சின்ன டிரில்லால் உள்ளங்கை நீள ரயில் என்ஜினில் ஓட்டை போட்டு, கைப்பிடிக் கம்பி பொருத்துவார். துருப்பிடித்தது போலப் பெயின்ட் அடிப்பார். அந்த என்ஜின் ஓடுவதற்காக, அட்டையை வெட்டி மேஜைமேல் ஒரு ஊரையே கட்டிக்கொண்டிருந்தார். பாக்கி, அந்தப் பாதையோரத்து ரயில்வே வீடு ஒன்றுதான்.

ஜன்னலை அளந்தார்… உள்ளே கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம். ணங். ஈரக் கரி வாடை.

"என்ன அளக்கறீங்க?" உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

"இந்த வீட்டைச் சின்னதா செய்யப் போறேம்மா. பொம்மை ரயிலுக்கு."

"உள்ள எத்தனை பேர் இருப்பாங்க?"

"யாரும் இல்லம்மா. வெளிய இருந்து பார்க்கத்தானே."

மறுபடி கோப்பைச் சத்தம். ணங்…

"ஒருத்தருக்கு மட்டும் இடம் விடுங்க."

சரி என்று சிரித்துவிட்டு, பின்சுவரை அளக்கச் சுற்றிப் போனார்.

பின்சுவர் இல்லை. கூரை இல்லை. முன்பக்கம் கொடி மண்டிக் கிடந்ததால் அதுவரை தெரியவில்லை. ஒற்றைச் சுவர்தான் நின்றது… அதற்குப் பின்னால் இடுப்பளவு புதர்.

எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மூன்று வாரம் மேஜைப் பக்கமே போகவில்லை.

அந்த மூன்று வாரமும் பல்லைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவரிடம் யாரும் பேசவில்லை. அவர் செய்வதை நின்று விசாரித்தது அந்தக் குரல் ஒன்றுதான். பூட்டைத் திறந்தார். வீட்டைக் கட்டினார். ஜன்னலோர அறையைக் காலியாக விட்டார்.

அடுத்த மாதம் அவருடைய அண்ணி, அதாவது என் நண்பனின் அம்மா, வந்து நின்றார்.

"இன்னும் எத்தனை நாள் தம்பி ஒண்டிக்கட்டையா கிடப்பீங்க? கிளம்புங்க, நம்ம வீட்டுக்குப் போவோம்."

"வரல அண்ணி. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

அவர் பார்வை போன பக்கம் அண்ணியும் பார்த்தார். டம்ளர் உயரத்தில் அட்டை வீடு. கூரையைச் சுற்றிலும் பசை போட்டு இறுக ஒட்டியிருந்தது. நகம் அளவு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள். அதில் மூச்சுக்காற்று பட்டது போல மங்கலாக ஈரம் படிந்திருந்தது. அண்ணி விரலால் துடைத்தார்.

போகவில்லை… ஈரம் உள்பக்கம்.

அண்ணி விரலை எடுக்கவும், உள்ளேயிருந்து அதை யாரோ துடைத்தார்கள். குண்டூசித் தலை அளவுக்கு… வட்டமாக.