மணி அடிக்க ஆள் இல்லாத வண்டி

அட, கீழயே ஏன் நிக்கிறீங்க, ஏறி உக்காருங்கம்மா. கிளம்ப இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு. ஆமா, நானும் தமிழ்தான். நேத்து நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு, அந்தத் தைரியத்துலதான் கூப்பிட்டேன். மத்தபடி நான் வாயைத் திறக்கிற ஆளே இல்ல. கல்யாணமாகி முதல் மாசம் மொத்தமே நாப்பது வார்த்தைதான் பேசுனேன்னு எங்க வீட்டுக்காரர் இன்னைக்கும் சொல்லிக் காட்டுவாரு. பொய்யி. அறுபதாவது இருக்கும்.

எத்தனை வருஷமாவா? வருஷம் எங்கம்மா! பஸ் ஓட்ட ஆரம்பிச்சு அஞ்சு மாசம் இருபத்தாறு நாள். சிரிக்காதீங்க. அதுக்கு முன்னாடி ஊர்ல இருபத்தேழு வருஷம் கண்டக்டர். எங்க வீட்டுக்காரர் டிரைவர், நான் கண்டக்டர், ஒரே வண்டி. ரெண்டு மணி அடிச்சா போகணும், ஒரு மணின்னா நிறுத்தணும். என் மணி இல்லாம அந்த மனுஷன் ஒரு அடி நகர முடியாது. ஊரே கிண்டல் பண்ணும், வீட்டுலயும் மணி வச்சிருக்கீங்களான்னு.

ஆனா என் கண்ணு பூரா அவரு சீட் மேலதான். சின்ன வயசுலேர்ந்தே அப்படி ஒரு கிறுக்கு, பெரிய வண்டி ஓட்டணும்னு. லைசன்ஸ் எடுத்து வச்சு இருபத்திரெண்டு வருஷம் பெட்டியிலயே தூங்குச்சு. டிரைவர் வேலைக்கு நூத்தி அறுபது சென்டிமீட்டர் உயரம் வேணும்னாங்க. நான் நூத்தி அம்பத்தெட்டு. நாலு தடவை போய் நின்னேன். ஒரு தடவை கொண்டையை உச்சியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனேன், அளக்கிற ஆள் கட்டையை வச்சு ஒரே அமுக்கா அமுக்கிட்டாரு. இன்னொரு தடவை காலுறைக்குள்ள அட்டை. அதையும் கழட்டச் சொல்லிட்டாரு, பாவி. நாலு தடவையும் அதே அளவு. நானும் வளரல, அவங்க நூத்தி அறுபதும் இறங்கல.

அப்புறம் இந்த ஊர்ல டிரைவருக்குப் பஞ்சம், அம்பத்தஞ்சு வயசு வரைக்கும் எடுக்கிறாங்கன்னு விளம்பரம் வந்துச்சு. உயரத்தைப் பத்தி ஒரு வரி இல்ல. மூணு தடவை படிச்சுப் பாத்தேன். அம்பத்திமூணு வயசுல எழுதிப் போட்டேன். இருந்த வேலையை விட்டுட்டு ரெண்டு பேரும் கிளம்பி வந்துட்டோம். இங்க சீட்டுக்குப் பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கும்மா, அழுத்தினா சீட் தானா மேல ஏறுது! முதல் நாள் பதினோரு தடவை ஏத்தி இறக்கிப் பாத்தேன். பயிற்சி குடுக்க வந்தவரு தலையில கை வச்சுக்கிட்டாரு.

ஆனா ஒரு கூத்து நடந்துச்சு. தனியா ஓட்டுன முதல் நாள், முதல் ஸ்டாப்ல ஆள் ஏறியாச்சு, கதவு மூடியாச்சு, கண்ணாடி பாத்தாச்சு. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன். அரை நிமிஷம் போச்சு. பின்னாடியிருந்து ஒருத்தர் வந்து வண்டி ரிப்பேரான்னு கேக்குறாரு. நான் மணிக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கேன்! இங்க ஏது கண்டக்டர், ஏது மணி? வீட்டுல போய்ச் சொன்னா, இவரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. இருபத்தேழு வருஷம் நான் காத்திருந்தேன்ல, இப்ப நீ இருன்னு.

அரை நிமிஷத்தைக் குறைச்சுக் குறைச்சு நாலு செகண்டுக்குக் கொண்டு வந்திருக்கேன். அதுக்குக் கீழ மனசு வரல. ஏறுனவங்க கம்பியைப் பிடிச்சாங்களா, பெரியவங்க உக்காந்தாங்களா, யாராவது ஓடி வர்றாங்களான்னு பாத்துட்டுத்தான் மணி அடிச்சுப் பழக்கம். என் கையில ஒருத்தர் விழுந்ததில்லம்மா. இங்கயும் இதுவரைக்கும் இல்ல.

ஆனா கணக்கு இடிக்குது. ஒரு நடைக்கு முப்பத்திநாலு ஸ்டாப். நாலு நாலு செகண்டா ரெண்டு நிமிஷம் பதினாறு செகண்ட். ஆபீஸ்ல ரெண்டு நிமிஷம் வரைக்கும்தான் தாமதம் பொறுப்பாங்க. அங்க ரெண்டு சென்டிமீட்டர், இங்க பதினாறு செகண்ட். ஆறு மாசம் பாத்துட்டுத்தான் வேலையை நிரந்தரம் பண்ணுவாங்க, இன்னும் நாலு நாள்தான் இருக்கு. இந்த வாரம் ஆபீஸ்லேர்ந்து யாரோ பயணி மாதிரி வந்து உக்காந்து பாப்பாங்களாம். அவங்க எழுதுறதுதான் முடிவு. சரியில்லன்னு எழுதிட்டா, ஊருக்குத் திரும்பிப் போயி எந்த வண்டியில ஏறுறது?

பயமா? இருக்காதா பின்ன. நேத்து ராத்திரி இவரு என் தட்டுல சாதத்தைப் போட்டுட்டு, வேகமா ஓட்டி நேரத்தைப் பிடிச்சுடேன்னாரு. அது மட்டும் ஆகாதுன்னுட்டேன். சாப்பாட்டு மேசையிலயே வேற கணக்குப் போட்டோம். அவரு நாற்காலியிலேர்ந்து எழுந்து கம்பியைப் பிடிக்கிற மாதிரி நடிச்சாரு, நான் கடிகாரம் பாத்தேன். முப்பது தடவை. முட்டி வலின்னு இப்ப படுத்திருக்காரு, பாவம்.

மூணரை செகண்ட் போதும்மா. முப்பத்திநாலு மூணரை நூத்திப் பத்தொம்பது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு செகண்ட் மிச்சம். அதனால பழைய நாலை அப்படியே எழுதிடாதீங்க, இன்னைக்கு எண்ணிப் பாத்துட்டு எழுதுங்க.

ஏம்மா முழிக்கிறீங்க? செவ்வாய், புதன், இன்னைக்கு. மூணு நாளா முதல் ஸ்டாப்ல ஏறுறீங்க, கடைசி ஸ்டாப்ல இறங்காம இதே வண்டியில திரும்பி வர்றீங்க. இருபத்தேழு வருஷம் முகத்தைப் பாத்து டிக்கெட் கிழிச்சவகிட்டயா?

பரவாயில்ல, அந்தக் குறிப்புப் புத்தகத்தை மடியில வச்சே எழுதுங்க, கைப்பைக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு கழுத்து வலிக்கப் போகுது. மணி ஏழு பத்து. கம்பியைப் பிடிச்சுக்கிட்டீங்களா? ஆங், இப்ப போலாம்.