உப்பு, பால், உப்பு, பால்

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் ஒரு புருசனும் பெண்சாதியும். அவருடைய மடியில் பழைய சாரத் துணியால் இறுக்கிக் கட்டிய பெரிய கிடாரம், கலியாண வீட்டில் கறி காய்ச்சுகிற அளவு.

“கணக்குப்படி கறி சரிதான்,” என்றார் அவர்.

“ஒரு கோழிதானே காய்ச்சினது? பின்னை என்னத்துக்குக் கிடாரம்?”

“உப்புக் கூடிப்போச்சு, தேங்காய்ப்பால் விட்டன். சப்பெண்டு போச்சு, உப்புப் போட்டன். திரும்பக் கூடிப்போச்சு, பால் விட்டன்.”

“இதுக்கு ஒரு முடிவே இல்லையோ?”

“இல்லை. ஆனா முடிவு வரைக்கும் போகத் தேவையில்லை. கூட்டிக் குறைச்சு, கூட்டிக் குறைச்சுப் போகேக்குள்ள, இருக்கிற பிழை அடுத்ததாப் போடப்போறதை விடக் குறைவாத்தான் இருக்கும். அடுத்தது ஒரு சிட்டிகை எண்டால் நிப்பாட்டலாம். நான் பள்ளிக்கூடத்தில கணக்குப் பாடத்துக்குப் படிப்பிக்கிறதே இதுதான்.”

“அப்ப ஒவ்வொருக்காலும் குறைச்சுக் குறைச்செல்லோ போடவேணும்? முதல் என்னத்தால போட்டனீங்கள்?”

“கரண்டியால.”

“பிறகு?”

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“சிரட்டையால.”

“ஐயோ! மருமேன் காய்ச்சிக்கொண்டு வாறாரெண்டு அம்மா ஒட்டுசுட்டானில உலையே வைக்கேல்லை!”

அவள் சாரத்தை அவிழ்த்து, மூடியை நீக்கி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“சப்பெண்டிருக்கு.”

அவர் சட்டைப் பையிலிருந்து உப்புப் பக்கற்றை எடுத்தார்.

“தேங்காய் கொண்டு வந்தனீங்களோ?”

“உம்மட காலுக்குக் கீழ, உரப்பையில.”