ரோஸ்லினின் மான்ஸ்டெரா

மணி பிளான்ட்டுக்கு வெயில் ஆகாது. இந்தத் தெலுங்கு ஊரில், எங்கள் ஹப்சிகுடா வீட்டில் அதை ஃப்ரிஜ் மேல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருந்தேன். கொடி ஜன்னல் வரை போயிருந்தது. எதிர் ஃப்ளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ரோஸ்லின் அதைப் பார்த்துவிட்டு, "மணி பிளான்ட்டாக்கா? ஸ்வீட்" என்றாள். நான் கோபப்படவில்லை. சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிற பெண்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

அவள் வீட்டு ஹாலில் ஒரு மான்ஸ்டெரா செடி இருந்தது. பெங்களூரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததாம். தென்னைநார் சுற்றிய கம்பைப் பிடித்துக்கொண்டு உத்தரம் வரை ஏறியிருந்தது. ஒவ்வொரு இலையும் முறம் அளவு, நடுவில் ஓட்டை ஓட்டையாக. ஊரிலிருந்து யார் வந்தாலும் அதன் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பாள்.

கணவன் ஆண்டனியோடு அவள் வெளிநாட்டுக்கு ஆன்சைட் வேலையாகப் போனபோது சாவியை என்னிடம் கொடுத்தாள். "யாதம்மா பெருக்கித் தண்ணி ஊத்திருவா. நீங்க ஒரு கண்ணு மட்டும் பாத்துக்கங்கக்கா."

நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

முதலில் ஒரே ஒரு கணுதான். காய் நறுக்கும் கத்தியால் வேரோடு வெட்டி வந்து தண்ணீரில் போட்டேன். அடுத்த வாரமே துளிர்த்தது. என் கை அப்படி. அவ்வளவு உயரத்தில் கவனிப்பாரில்லாமல் நிற்பதைவிட, மனிதர்கள் புழங்கும் வீட்டில் வளர்வது செடிக்கு நல்லதில்லையா? அதனால் மற்ற கணுக்களையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேன்.

"என்னடி ரமா, ஹாலெல்லாம் காடா இருக்கு?" என்றார் என் கணவர் அனந்தராமன். டிஃபென்ஸ் லேபில் வேலை. அதற்கு மேல் எதையும் விசாரிக்க மாட்டார். மகள் ஹம்ஸினிதான், "அம்மா, இதி ரோஸ்லின் ஆன்ட்டி ப்ளான்ட் கதா?" என்றாள். தெலுங்கில் கேட்கும் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை.

அங்கே அடித்தண்டு மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் கறுத்தது. யாதம்மா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். அழுகின இலைகளை நான்தான் வெட்டினேன் என்றும், அவள் தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டாள் என்றும் பதமாகச் சொன்னேன். பாவம், அப்படியே நம்பினாள். ரோஸ்லின் திரும்பி வந்ததும் கேட்காமலே கையைக் கட்டிக்கொண்டு, "நாதே தப்பும்மா" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு அழுதாள்.

நான் அவளுக்காகத்தான் பேசினேன். "விடு ரோஸ்லின். அவளுக்கு எத்தனை வீட்டு வேலை. எதைன்னு ஞாபகம் வச்சுப்பா?"

அன்றைக்கே ரோஸ்லின் அவளை நிறுத்திவிட்டாள். மறுநாள் நான் சேர்த்துக்கொண்டேன். யாதம்மா போல ஆள் கிடைக்காது. காலையில் முதல் வேலையாக என் மான்ஸ்டெரா இலைகளை ஈரத்துணியால் துடைக்கிறாள்.

அதன்பின் ஒருநாள் ரோஸ்லின் என் ஹாலுக்குள் வந்து அண்ணாந்து பார்த்து நின்றாள்.

"உங்ககிட்டயும் இருக்காக்கா?"

"நர்சரியில வாங்கினேன். உன்னோடது மாதிரி வருமா?"

அவள் கண் கலங்கிவிட்டது. ஒரு சின்னக் கணு கிடைக்குமா என்று கேட்டாள். வளர்ந்த செடியில் கத்தி வைக்க எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டாக்கா" என்றாள். எனக்கும் அழுகை வந்தது. பொய்யாக அல்ல.

இப்போது அவர்கள் மறுபடி ஆன்சைட் போயிருக்கிறார்கள். நேற்று அவள் வீட்டைத் திறந்து பார்த்தேன். அந்தச் சின்னக் கணு கம்பைப் பிடித்து ஏறிவிட்டது. இலையில் ஓட்டைகூட விழுந்திருக்கிறது. பாவம், அங்கே தனியாக நிற்கிறது.

என்ன இருந்தாலும் அது நான் கொடுத்த செடி. காய் நறுக்கும் கத்தியை எடுத்து வைத்திருக்கிறேன்.