மேஸ்திரிக்கு ஒரு சட்டை

அக்கா: இப்போ என்ன சொன்னே நீ?

தம்பி: எப்போ?

அக்கா: இப்பத்தான். மெஷினை யார் தொட்டதுன்னு கேட்டேன்ல, அதுக்கு என்ன சொன்னே?

தம்பி: யாரும் தொடலை, ஊசி தானா உடைஞ்சிருக்கும்னு... ஐயையோ.

அக்கா: இன்னொரு தடவை சொல்லு. நல்லா உரக்கச் சொல்லு. தெருவுக்கே கேக்கட்டும்.

தம்பி: வாய் தவறிடுச்சுக்கா.

அக்கா: மேஸ்திரிக்கு முதல் தடவை மருந்து ஏத்திட்டு வந்ததுலேர்ந்து இந்த வீட்ல அந்த வார்த்தை கிடையாது. மூணு மாசம். தையல்காரி நான், கடையில போய் 'நாலு முள்ளு குடுங்க'ன்னு கேக்கறேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கறார். உனக்கு இன்னைக்குத்தான் வாய் தவறணுமா?

தம்பி: அதைக் கேட்டுட்டு எங்க போனான்?

அக்கா: வேற எங்க? வெட்டுற மேசைக்கு அடியில, அந்தக் கடைசி மூலையில. ஒம்போது மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கார்.

தம்பி: இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு.

அக்கா: வேணும்னுதானே சொன்னே?

தம்பி: இல்ல.

அக்கா: அவன் ஒளிஞ்சுக்கிட்டா இன்னைக்கு ஆபரேஷன் தள்ளிப்போகும். அடுத்த வாரம் உன் வேன் டயர் பஞ்சராகும். அதுக்கடுத்த வாரம் உனக்கு ஜுரம் வரும்.

தம்பி: சத்தியமா வேணும்னு சொல்லலை... இரு, பிஸ்கட் காட்டினா வருவான்.

அக்கா: வெறும் வயிறுடா. மயக்க மருந்து குடுக்கப் போறாங்க. வை அதை டப்பாவுல.

தம்பி: மேஸ்திரி... டேய், மேஸ்திரி... மூஞ்சியைத் திருப்பிக்கிறான்க்கா.

அக்கா: பிடிச்சு இழுக்காதே. இடது முன்னங்கால்ல கை படாம...

தம்பி: எனக்குத் தெரியாதா? நாலு தடவை மருந்து ஏத்தினப்பவும் அவன் தலை என் மடியிலதான் இருந்துச்சு.

அக்கா: இருந்துச்சு. நான் இல்லேங்கலை. வாந்தி எடுத்தப்பல்லாம் நீதான் துடைச்சே. மீசை உதிர்ந்தப்போ ஒவ்வொண்ணா பொறுக்கி நோட்டுக்குள்ள வெச்சே. ஆனா காலை எடுக்கணும்னதும் பின்வாங்கிட்டே.

தம்பி: ஓடற ஜீவன்க்கா அது. காலையில நான் வேனைக் கிளப்பினா, தெருமுனை வரைக்கும் கூடவே ஓடி வருவான். ஸ்கூல் பிள்ளைங்க ஜன்னல்ல எண்ணுங்க, எத்தனை வீடு தாண்டினான்னு.

அக்கா: இப்போ வரானா?

தம்பி: வேன் சத்தம் கேட்டா தலையை மட்டும் தூக்கறான்.

அக்கா: கட்டி பாதியா சுருங்கியிருக்கு, இப்போ எடுத்தா மிச்சம் வைக்காம எடுத்துடலாம்னு டாக்டர் சொன்னது உன் காதுலயும்தானே விழுந்துச்சு? நீ காலைப் பார்க்கறியா, நாயைப் பார்க்கறியா?

தம்பி: இன்னைக்கு நான் வேண்டாம்னு சொன்னேனா?

அக்கா: வேணும்னும் சொல்லலையே... சரி, அந்த டேப்பை எடு.

தம்பி: டேப் எதுக்கு?

அக்கா: இங்க யாருக்கு அளவெடுத்தாலும் பக்கத்துல வந்து உக்காந்து மேற்பார்வை பார்க்காம இருந்திருக்கானா? அதுக்குத்தானே மேஸ்திரின்னு பேர் வெச்சே. நேரா நில்லு. கையை விரி. தோள்... பதினேழரை.

தம்பி: சத்தமா சொல்லு.

அக்கா: பதினேழரை. மார்பு நாப்பது. இடுப்பு... எக்காதே, மூச்சை விடு... முப்பத்தெட்டு.

தம்பி: போன வருஷம் முப்பத்தாறு.

அக்கா: போன வருஷம் அவன்கூட நீயும் நடந்தே.

தம்பி: மூக்கு தெரியுதுக்கா.

அக்கா: திரும்பாதே. கை நீளம் இருபத்தி...

தம்பி: வரான். அந்தக் காலைத் தரையில வைக்கவே இல்லை. மூணுலதான் வரான்.

அக்கா: அவன் மூணுல நடக்க ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு. நாலு வேணும்கறது நாமதான்.

தம்பி: ...உக்காந்துட்டான். டேப்பை மோந்து பார்க்கறான்.

அக்கா: கயிறை மாட்டு. மெதுவா. வண்டி வரைக்கும் நீ தூக்கிக்கோ, பையை நான் எடுத்துக்கறேன்.

தம்பி: பையில நீ அவனுக்குத் தெச்ச சட்டையா?

அக்கா: ஆமா. ஆபரேஷன் பண்ணித் தையல் போட்ட இடத்தை நக்கிடக் கூடாதுல்ல? கழுத்துல அந்தப் புனல் மாட்டினா கதவெல்லாம் இடிச்சுப்பான். கழுத்துக்கு நாடா வெச்சேனா... இரு, பார்த்துடறேன்.

தம்பி: வெச்சிருக்கே, வெச்சிருக்கே. நேரமாச்சு, வா.

அக்கா: இப்பத்தான் முக்கால் மணி நேரம் இருக்குன்னே... டேய். இது என் தையல் இல்லையே.

தம்பி: உன்னோடதுதான்.

அக்கா: என் தையல் எனக்குத் தெரியாதா? இது மழையில நனைஞ்ச எறும்பு வழி தெரியாம ஓடின மாதிரி இருக்கு. இந்த இடது கால் நுழையற பக்கத்தை நான் நூலோட்டம் விட்டுத்தானே மூடியிருந்தேன்?

தம்பி: ஏன்?

அக்கா: என்ன ஏன்?

தம்பி: மத்த இடமெல்லாம் அழுத்தமா மெஷின் தையல். அங்க மட்டும் ஏன் கையால, இழுத்தா வர மாதிரி?

அக்கா: நேரமாச்சுன்னியே, வா போகலாம்.

தம்பி: சொல்லுக்கா.

அக்கா: கடைசி நேரத்துல டாக்டர் பார்த்துட்டு, எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டா... நூலை உருவிட்டுக் காலை விட்டுக்கலாம்னுதான்.

தம்பி: மூணு மாசமா எனக்கு தைரியம் சொன்னது நீ.

அக்கா: சொன்னேன். இப்பவும் சொல்றேன். ஒம்போது மணிக்கு அங்க இருக்கணும், அதுல மாத்தமில்லை. ஆனா... இதை யாருடா இப்படி ஓட்டினது?

தம்பி: அவன் காதுல விழாம மெல்லப் பேசு... நேத்து நீ துணி குடுக்கப் போனப்போ நான்தான் மெஷின்ல உக்காந்தேன். ஒரு ஓட்டம் போதும்னுதான் நெனச்சேன். அப்புறம், ஆஸ்பத்திரியில போய் உக்காந்ததும் உன் கை அந்த நூல்கிட்டயே போகுமேன்னு மறுபடியும் அது மேலயே ஓட்டினேன். முள்ளு உடைஞ்சது அந்த ரெண்டாவது ஓட்டத்துலதான்.