இரண்டாவது பட்டன்

வயரை இறுக்கி மடிக்கக் கூடாது. எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. மூலையில் மடித்து ஆணியடித்துவிட்டு, படம் ஏன் வெட்டி வெட்டி வருகிறது என்று டிவியின் தலையில் தட்டிக்கொண்டிருப்பார்கள். என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியைக் கழற்றப் போவதாகச் சொன்னீர்கள். வயர்களை மட்டும் மெதுவாகச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஒரு பெட்டியில் ஓடும் படத்தை, கம்ப்யூட்டருக்கு இழுக்கிற நெட்வொர்க் கேபிள் வழியாக வீட்டில் உள்ள எல்லா டிவிக்கும் கொண்டுபோவதுதான் என் வேலை. ஒரு புள்ளி குறையாமல் போய்ச் சேரும். யார் யார் வீட்டுக்கோ இழுத்தேன். மாமனார் பக்கவாதத்தில் விழுந்த பிறகு என் வீட்டுக்கும் இழுத்தேன்.

அவருக்குப் பேச்சு போய்விட்டது. வலது கை மட்டும் மிச்சம். மாடி அறையில் கட்டிலுக்கு எதிரே கேமரா வைத்தேன். அங்கிருந்து ஒரே கேபிள் அலமாரிக்கு; அலமாரியிலிருந்து கூடம், சமையலறை, என் மனைவி தையல் மெஷின் போட்டிருக்கும் அறை என்று மூன்று டிவிக்கு. நெஞ்சு ஏறி இறங்குவதுகூடத் தெரியும். "அத்தான் புது சேனல் ஆரம்பிச்சுட்டாரு, நாள் பூரா ஒரே நடிகர்தான்" என்று மைத்துனன் கிண்டல் செய்தான். மாமனாரும் கோணிய வாயால் சிரித்தார். நான் அவரிடம் சொன்னேன்: "மாமா, நீங்க கையைத் தூக்கினா போதும். நான் பாத்துக்குறேன்."

அவர் தூக்கினார். தண்ணீருக்கு, தலையணைக்கு, மின்விசிறிக்கு, சில சமயம் சும்மாவும். ஒவ்வொரு தடவையும் மனைவி கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். ஒரு நாள் நாற்பது தடவை ஏறி இறங்கினாள். கால் வீங்கிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால்கூடக் கண் டிவியில்தான். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதை எழுதிக்கொள்ளுங்கள், அது உண்மை.

ஒரு மதியம் மாமனார் ஒன்றேகால் மணி நேரம் அசையாமல் தூங்கினார். அதைப் பதிவு செய்தேன். அலமாரிப் பெட்டியில் முதல் பட்டனை அழுத்தினால் கேமரா படம். இரண்டாவதை அழுத்தினால் அந்தத் தூக்கம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மனைவி அசந்துபோகும்போதெல்லாம் இரண்டாவதை அழுத்தினேன். "அப்பா இப்பல்லாம் நல்லா தூங்குறாருங்க" என்றாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். அவள் பாடிக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

வேலையில் நான் அரைகுறை கிடையாது. நேரம் காட்டிக்கொடுக்கும் என்று, பதிவு செய்வதற்கு ஒரு வாரம் முன்பே சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டேன். வெளிச்சம் நகரக் கூடாது என்று ஜன்னலுக்குக் கனமான திரை போட்டேன். அதை அவளேதான் தைத்துக் கொடுத்தாள். போர்வை ஒரே நீலத்தில் நான்கு வாங்கினேன்.

அந்த நேரங்களில் உண்மைப் படம் அலமாரிக்குள் ஒரு சின்னத் திரையில் ஓடும். முக்காலி போட்டு நானே உட்கார்ந்து பார்ப்பேன். முதலில் கை எழுந்ததுமே மாடிக்குப் போனேன். பிறகு மூன்றாவது தடவை எழுந்தால் போனேன். பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலான தேவைகள் தானாகவே அடங்கிவிடுகின்றன.

அன்று சாயங்காலத்துக்குள் அவள் பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. காலை பதினொரு மணிக்கே இரண்டாவது பட்டனை அழுத்தினேன். பதினொன்று இருபதுக்குக் கை எழுந்தது. தண்ணீருக்கு இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. முகம் கறுத்திருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. கேமராவையே பார்த்தார்.

மெஷின் சத்தம் நின்றது. "ஏங்க, அப்பா என்ன பண்றாரு?"

"தூங்குறாரு. உன் டிவியிலதான் தெரியுதே."

"ஆமாமா." மெஷின் மறுபடி ஓடியது.

பதினான்கு படிகள். நான் ஏறவில்லை. ஏன் என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். வீடு அமைதியாக இருந்தது, அவள் பாட ஆரம்பித்திருந்தாள், அவ்வளவுதான். கை ஒன்பது தடவை எழுந்தது. கடைசித் தடவை பாதி வரைக்கும்தான். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லாம் நின்றது.

ஒரே ஒரு தப்பு செய்தேன். முதல் பட்டனுக்கு மாற்ற மறந்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டோடு மேலே போனவள் அலறினாள். மைத்துனன் கூடத்து டிவியைப் பார்த்துவிட்டு, "அக்கா, பயப்படாத, அப்பா மூச்சு விடுறாரு, இங்க வந்து பாரு" என்று கத்தினான். அவள் இறங்கி ஓடிவந்து பார்த்தாள். மறுபடி மேலே போய் அவர் நெஞ்சைத் தொட்டாள். மறுபடி இறங்கி வந்து டிவி முன்னால் நின்றாள். படத்தில் ஒரு சின்ன வெட்டுகூட இல்லை.

அப்பாவைத் தனியாகச் சாகவிட்டோமே என்று அவள் அழுவதாகச் சொன்னீர்கள். அப்படி இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். முப்பத்தைந்து நிமிடமும் நான் கண்ணை எடுக்கவில்லை. மாமாவிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். கடைசி வரைக்கும் அவரை நான்தான் பார்த்துக்கொண்டேன்.