எம்முக்கும் எஃப்புக்கும் நடுவுல ஒரு வலி

அந்த நாற்காலி வேணாம் தம்பி, அதுக்குக் கால் ஆடும். இப்டி கட்டில்ல உக்காருங்க. ஹெட் ஆபீஸ்லேருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் விசாரணைக்கு வந்துட்டு, எங்க ஊட்டுல வுழுந்து கைய ஒடச்சிக்கினு போனா அதுக்கு வேற ஒரு விசாரணை வரும். முதல்ல இந்த இனிப்ப வாயில போடுங்க. பேத்தி பொறந்து இன்னிக்கு ஏழாம் நாளு. வெறும் வாயோட கேள்வி கேக்கக் கூடாது.

தெரியும் தம்பி. ஒரே கேள்விதான். எம் பொண்ணு நாஜியா, அவ பாத்துக்கற அந்த ஃபேக்டரி கம்ப்யூட்டர் மிஷினோட ரகசியச் சொல்ல, அதான் பாஸ்வேர்ட, வெளி ஆளுக்குச் சொன்னாளா, சொல்லலியா. சொன்னான்னா வேலை போயிரும். சொல்லலன்னா இருக்கும். சொல்லலன்னு நான் சொன்னா, பெத்தவ வேற இன்னா சொல்லுவான்னு நெனப்பீங்க. அதனால நடந்தத நடந்தபடி சொல்றேன், நீங்களே எழுதிக்குங்க.

நான் சிரிக்கிறேன்னு தப்பா நெனைக்காதீங்க. ஏழு நாளா இப்டித்தான். தொழுகையில நிக்கிறப்பகூட சிரிப்பு முட்டிக்கினு வருது, அல்லாஹ் மன்னிக்கணும்.

போன வியாழக்கெழம. காலையிலயே அவள பொன்னேரி ஆஸ்பத்திரில சேத்தாச்சு. மருமவன் ஆஷிக் கூட இருக்காரு. நான் கஞ்சி காச்சி எடுத்துக்கினு போலாம்னு ஊட்டுக்கு வந்தேன். வாசல்ல உங்க ஃபேக்டரி ஜீப்பு. டெஸ்பாட்ச் கிளார்க்கு தாவீது எறங்கி ஓடியாறாரு, வேர்த்துக் கொட்டுது. கம்பி ஏத்திக்கினு முப்பது லாரி கேட்டுல நிக்கிதாம். கேட் பாஸ் அடிக்க மாட்டேங்குதாம். பின்னால வந்த வண்டிங்க சிப்காட் ரோட்டையே அடச்சிக்கினு ஹாரன் அடிக்கிதாம். கம்ப்யூட்டர் ரூம் சாவி நாஜியா பையில, பை எங்கிட்ட. குடுங்கம்மான்னாரு.

குடுக்கல. யார் கையிலயும் குடுக்காதீங்க உம்மான்னு அவ சொல்லிட்டுப் போயிருக்கா. கஞ்சித் தூக்கோட நானே ஜீப்புல ஏறிட்டேன். சாவி எங் கைய வுட்டுப் போவல, அத எழுதிக்குங்க.

கம்ப்யூட்டர் ரூம தொறந்து உள்ள போனா இன்னா குளிரு. ஸ்க்ரீன்ல ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடுது. தாவீதுதான் படிச்சாரு, டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ். மேஜை ஃபோன ஸ்பீக்கர்ல போட்டு நாஜியாவக் கூப்ட்டாரு. அவ பேசுறப்ப நடுநடுவுல மூச்சு வாங்குறா. இது ஒரு நாளு வரும்னு தெரியும், கெர்னல் செட்டிங்க மாத்தணும்னு லீவுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தேன், யாரும் கையெழுத்து போடலன்னா. அத எழுதுனீங்களா? நிறுத்தி எழுதுங்க, நான் இருக்கேன்.

கெர்னலா? எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். பழவேற்காட்டுல எட்டாவது வரைக்கும் படிச்சவ நான். தர்கா கந்தூரி விருந்துல தேக்சா தேக்சாவா சோறு இருக்கும். ஆனா சஹன் தட்டு இருநூத்தம்பத்தாறுதான்னு வைங்க. தட்டு கழுவி வர்ற வரைக்கும் அடுத்தவன் நின்னுக்கினுதான் இருக்கணும், சோறு இல்லாம இல்ல. உங்க மிஷினுக்கும் ஒரு நேரத்துல தொறந்து வச்சிக்கிற ஃபைலு இருநூத்தம்பத்தாறுதான்னு கணக்கு வச்சிருந்தாங்களாம். ரெண்டாவது கேட்ட தொறந்தீங்க, லாரி கூடுச்சு, தட்டு பத்தல. தட்டு எத்தினின்னு முடிவு பண்றதுதான் கெர்னலு. சரியாத்தான சொல்றேன்? தலைய ஆட்டுறீங்க, அப்ப சரி.

அந்தக் கணக்க மாத்தணும்னா ரகசியச் சொல்லு வேணும். அது ஒரு கவர்ல சீல் வச்சு மேனேஜர் பீரோவுல இருக்கு. மேனேஜர் பம்பாயில, பீரோ சாவியும் பம்பாயில. தாவீது கெஞ்சுறாரு, சொல்லுங்க மேடம், நானே போட்டுக்குறேன்னு. இவ முடியாதுன்னுட்டா. வாயால சொல்ல மாட்டேன், எழுதியும் தர மாட்டேன், அதான் ரூலு. ஒரு ஆட்டோ புடிச்சு நானே வந்துர்றேன், அரை மணி நேரத்துல திரும்பிருவேன்னு கட்டில வுட்டு எறங்கிட்டா. அங்க நர்ஸு மேரி கத்துறது இங்க ஸ்பீக்கர்ல கேக்குது. எத்தினியோ பிரசவம் பாத்தவங்களாம், ஆபீஸ் போய்ட்டு வந்து பெத்துக்கறேன்னு சொன்ன பொண்ண அன்னிக்குத்தான் பாத்தாங்களாம்.

ரோடு பூரா லாரி. ஆட்டோவுல அவ மாட்டிக்கினா இன்னா ஆவும்? பிஸ்மில்லா சொல்லிட்டு நான் போயி அந்த மிஷின் முன்னால உக்காந்துட்டேன். தொறந்தேன். தொறந்துருச்சு.

எப்டின்னுதான கேக்கறீங்க. வர்றேன் தம்பி, அங்கதான் வர்றேன்.

உள்ள வந்துட்டேன், நீ படுன்னேன். அப்புறம் மெதுவா, உம்மா, கைய எடுத்துக்கினு வெளிய வாங்கன்னா. மாட்டேன், நீ படுத்தாத்தான் வருவேன்னேன். படுத்தா. அப்புறம் ஒவ்வொரு எழுத்தாச் சொன்னா. நான் ஒத்த வெரலால தட்டுனேன். தாவீது தொடல. ஆர், எல், ஐ, எம். எம்முக்கு அப்புறம் ஒரு கீழ்க்கோடு வரும், அத சொல்றதுக்குள்ள வலி வந்துருச்சு. நான் அந்தக் கட்டைல வெரல வச்சபடியே துவா ஓதுனேன். தாவீது அவர் பங்குக்கு சிலுவ போட்டுக்கினாரு. வலி எறங்குனதும் கீழ்க்கோடு உம்மா, அப்புறம் எஃப்புன்னா.

கடைசில தட்டுக் கணக்கு நாலாயிரத்துத் தொண்ணூத்தாறுன்னு போடுங்கன்னா. அஞ்சாயிரமா முழுசாப் போட்டுட்டா இன்னான்னு கேட்டேன். மீன் மார்க்கெட்டா இது, பேரம் பேசாதீங்கன்னு கத்துனா. வயித்து வலில கத்துனாளா, எம்மேல கத்துனாளான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

ஆமா, ஃபைல்ல நீங்க பாத்த அந்த 786 நான் போட்டதுதான். சதி வேலன்னு நெனச்சீங்களா? எதையும் எழுதறதுக்கு முன்னால அத மேல போடுவேன் தம்பி, மளிகைச் சீட்டா இருந்தாலும். நீங்க புள்ளையார் சுழி போடறாப்ல. அவ சொன்ன வரிக்கு மேல போட்டுட்டேன். மிஷின அணைச்சு எழுப்புனப்ப அது மட்டும் புரியலன்னு ஒரு வரி மொணகிட்டு மத்தத ஏத்துக்கிச்சு. மொத கேட் பாஸ் சர்ருன்னு வெளிய வந்துச்சு. தாவீது அத எடுத்து முத்தம் குடுத்தாரு. லாரி ஒண்ணொண்ணா நவுந்துச்சு, அதுக்குப் பின்னாலயே ஜீப்புல பொன்னேரி போயிட்டேன். நான் போன அரை மணில பேத்தி. கஞ்சி ஆறிப்போச்சு, எவ குடிச்சா.

சரி, உங்க கேள்வி. நாஜியா சொல்லல. மொதல்ல அவ வாப்பா பேரு சலாஹுதீன்னு அடிச்சேன். தொறக்கல. ஆஷிக்னு அடிச்சேன். அதுவும் இல்ல, மருமவன் காதுல வுழுந்துறப் போவுது. அப்புறம் யோசிச்சேன். பொண்ணுதான் பொறக்கும், சிஃபான்னு பேரு வைக்கணும்னு அவ ஏழாம் மாசமே எங்கிட்ட சொல்லி வச்சா. கண்ணு படும்னு வேற யாருக்கும் சொல்லல, மாப்பிள்ளைக்குக் கூட. அத அடிச்சேன். தொறக்கல. எழுந்திரிக்கப் போன நான், எம் வயித்துல பொறந்தவளாச்சே, எம் பழக்கம் அவளுக்கும் இருக்கும்னு கூட 786 சேத்து அடிச்சேன், தொறந்துருச்சு.

எழுதிக்குங்க. உள்ள பூந்த வெளி ஆளு ஜெய்னம்பு, சலாஹுதீன் சம்சாரம். கையெழுத்துகூடப் போடறேன்.

ஆனா தம்பி, கொஞ்சம் சீக்கிரம். விசாரணை முடியற வரைக்கும் நாஜியா மிஷினத் தொடக் கூடாதுன்னு நீங்கதான லெட்டர் போட்டீங்க? அந்தச் சொல்லு இன்னும் அப்டியேதான் இருக்கு. சாயங்காலம் அஸர் தொழுவிட்டு பள்ளிவாசல் லெப்பை வந்து புள்ள காதுல பேரு சொல்லுவாரு, அப்புறம் அந்தப் பேர ஊருக்கே கேக்கறாப்ல சொல்லி மைக்ல துவா. அதோ பாருங்க, மைக் செட்டுக்காரன் ஒயரு இழுத்துக்கினு இருக்கான்.